கழிவறை இடம் மாறிய வாரம்

அந்த வட்டாரத்தில் தபால்காரம்மாவைத் தெரியாதவர்கள் கிடையாது. எந்த வீட்டு நாய் கடிக்கும், எது வெறுமனே குரைக்கும், யார் மணி அடித்தாலும் எழுந்து வரமாட்டார்கள், யார் அடிப்பதற்கு முன்பே கதவைத் திறந்துகொண்டு நிற்பார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஊரார் முன்வாசலையெல்லாம் கரைத்துக் குடித்தவளுக்குத் தன் வீட்டுப் பின்வாசல்தான் தலைவலி. கழிவறை அங்கேதான் இருந்தது. கூடத்தைத் தாண்டி, சமையலறையைத் தாண்டி, வழுக்குகிற படிகளில் இறங்கி, துணி துவைக்கும் கல்லைச் சுற்றிக்கொண்டு போனால் மதில் ஓரமாக ஒரு தகரக் கதவு. மழை பெய்தால் குடையோடு போகவேண்டும். உள்ளே போனபின் நனைந்த குடையை எங்கே வைப்பது என்பது அந்த வீட்டில் தீராத வழக்கு.

அவளும் புருஷனும் அதற்குப் பழகிவிட்டார்கள். பழகாதவர் அவளுடைய அப்பா.

அப்பா பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அம்மா போனபிறகு தனியாக ஒரு வாடகை அறையில் இருந்தார். அவ்வப்போது மகளைப் பார்க்க வருவார். வந்ததும் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைப்பாள். “அப்புறமா குடிக்கிறேன், வெச்சிட்டுப் போம்மா” என்பார். பேசுவார், சிரிப்பார், மருமகனைக் கிண்டல் செய்வார், பொழுது சாய்வதற்குள் கிளம்பிவிடுவார். டம்ளர் வைத்த இடத்தில் வைத்தபடி நிறைந்திருக்கும். தாகமில்லை போலிருக்கிறது என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் மண்டையைப் பிளக்கிற வெயிலில் வந்தார், உதடெல்லாம் காய்ந்துபோய். அன்றைக்கும் தண்ணீரைத் தொடவில்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. குடித்தால் போகவேண்டும். போவதென்றால், கூடத்தில் உட்கார்ந்திருக்கிற ஆட்களைத் தாண்டி, மகள் சமைக்கிற இடத்தைத் தாண்டி, வலிக்கிற முட்டியோடு சுவரைப் பிடித்துக்கொண்டு படி இறங்கவேண்டும். இவர் எங்கே போகிறார் என்று எல்லாருக்கும் தெரியும். கூச்சம் பிடித்த மனுஷன், தாகத்தோடு இருந்துவிட்டுப் போகிறார். அன்று அந்தத் தண்ணீரைக் கொட்ட மனமில்லாமல் அவளே குடித்தாள். குடிக்கும்போது அழுகை வந்தது.

முட்டி அறுவைச் சிகிச்சை என்று ஆனபிறகு அவர் தனியாக இருக்க முடியாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். மகன், அதாவது தபால்காரம்மாவின் தம்பி, குடியிருப்பது மூன்றாம் மாடி. அந்தக் கட்டடத்தின் லிஃப்ட் குடிவந்த நாள் முதல் ‘பழுது’ என்ற பலகையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. அப்பா யாருக்கும் தொல்லை வைக்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே முதியோர் இல்லம் ஒன்றில் பேசி முடித்துவிட்டார். “ரூமுக்குள்ளயே பாத்ரூம் இருக்காம்மா அங்க” என்றார், அதைவிட ஒரு மனிதனுக்கு வேறென்ன வேண்டும் என்பதுபோல.

நம்ம வீட்டுக்கு வாருங்கள் என்று அவள் கெஞ்சினாள். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“கக்கூஸ் இன்னும் அங்கயேதான் இருக்கா?”

“இல்லப்பா. உள்ள மாத்தியாச்சு.”

பச்சைப் பொய். எப்படி வாயில் வந்தது என்று அவளுக்கே தெரியாது. ஆனால் அப்பாவின் முகம் மலர்ந்ததைப் பார்த்தபின் அதைத் திருப்பி எடுத்துக்கொள்ள முடியவில்லை. வந்து பார்க்கிறேன், சரிப்பட்டால் இருக்கிறேன், இல்லாவிட்டால் இல்லம் இருக்கவே இருக்கிறது என்றார். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அனுப்புவதாக ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அதற்குள் பொய்யை உண்மையாக்கவேண்டும். அன்று முழுக்கத் தபாலை வீடு மாற்றிப் போட்டுக்கொண்டே அலைந்தாள்.

வீட்டுக்கு வந்து புருஷனிடம் விஷயத்தைச் சொன்னாள். அவருடைய தொழில் தச்சு வேலை. தெருவில் அவருக்கு ‘ரசமட்டம்’ என்று பட்டப்பெயர். ரசமட்டம் என்பது அவர் சட்டைப்பையில் எப்போதும் இருக்கும் சின்னக் கருவி. கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு குமிழி. வைத்த இடம் சமமாக இருந்தால் குமிழி நடுவில் நிற்கும், இல்லாவிட்டால் ஒரு பக்கமாக ஓடும். குமிழி ஓடிவிட்டால் மனுஷனுக்குச் சோறு இறங்காது. தன் கல்யாணத்தன்றே மேடை நாற்காலி ஆடுகிறது என்று இறங்கிப்போய்க் காலுக்கடியில் அட்டை மடித்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தவர். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பார்கள். இந்த வீட்டில் அப்படியெல்லாம் சாக்குச் சொல்லிவிட முடியாது, கூடம் அவ்வளவு சமம்.

அவர் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. கூடத்தை ஒட்டி அவர் மரம் போட்டு வைத்திருந்த அறை இருந்தது. பல வருடமாகச் சேர்த்த பலகைகள், யாரையும் தொடவிடாமல் காப்பாற்றியவை. அன்றைக்கே எல்லாவற்றையும் தோளில் தூக்கிக் கொல்லைப்புறக் கொட்டகைக்கு மாற்றினார். இந்தப் பக்கம் கட்டில், அந்த மூலையில் கழிவறை, நடுவில் தள்ளுகிற கதவு, பிடித்துக்கொள்ளச் சுவரில் ஒரு கட்டை என்று தரையிலேயே சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டினார். அவளுக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. பக்கத்து மாடிவீட்டம்மா தன் சன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்ததால் விட்டுவிட்டாள்.

தம்பிதான் பிளம்பர். அவன் வந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். கோப்பையைத் தூக்கி எங்கே வேண்டுமானாலும் வைத்துவிடலாம், அதன் பின்னால் வருகிற குழாய்தான் ஆளை வாட்டும். கழிவெல்லாம் போய்ச் சேருகிற சேம்பர், பின்கட்டில் பழைய இடத்திலேயே இருக்கிறது. புதுக் கழிவறையிலிருந்து அதுவரைக்கும் நடைவழியைத் தோண்டிக் குழாய் போடவேண்டும். சேம்பரோ ஆழமில்லை. முழத்துக்கு அரை விரற்கடை சரிவு கிடைத்தால் உண்டு, அதற்கு மேல் ஒரு நூல்கூடக் கிடையாது. இதையெல்லாம் அக்காவிடம் சொன்னான். மச்சானிடம் சொல்லவில்லை. மச்சானும் மாப்பிள்ளையும் ஒருவர் வேலையில் ஒருவர் மூக்கை நுழைத்துப் பல தடவை முட்டிக்கொண்டவர்கள். “மச்சான், நீங்க கதவைப் பாருங்க, தரைக்குக் கீழ இருக்கிறத நான் பாத்துக்கிறேன்” என்று முதல் நாளே எல்லை பிரித்துவிட்டான்.

பழைய கழிவறையை உடைத்தபிறகு குடும்பத்துக்கே மாடிவீட்டம்மாதான் கதி. அவளும் நல்ல மனசுக்காரி, ஆனால் பேச்சுத்துணை இல்லாதவள். உள்ளே போனவர்களோடு வெளியில் நின்றுகொண்டே குசலம் விசாரிப்பாள். குழி எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, டைல்ஸ் என்ன நிறம் என்று கேட்பாள். உள்ளிருந்து பதில் சொல்லியாகவேண்டும். தம்பி ஒருநாள் போகவேண்டிய வேலையே மறந்துபோய்த் திரும்பி வந்தான்.

வியாழக்கிழமை தம்பி நடைவழி நெடுகத் தோண்டி, செங்கல் துண்டுகளை அண்டை கொடுத்துக் குழாயைப் படுக்கவைத்தான். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினான். மறுமுனையில் சேம்பருக்குள் தண்ணீர் துள்ளிக்கொண்டு வந்து விழுந்தது. திருப்தியாக, குழாய் நுழைகிற சேம்பர் ஓட்டையை மட்டும் நாளைக்குப் பூசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, அப்பாவுக்குத் துணையிருக்க ஆஸ்பத்திரிக்குப் போனான்.

தபால்காரம்மா வேலை முடிந்து வந்தபோது நடைவழியில் மரச்சீவல் வாசனை. பள்ளம் முழுக்க மண் நிரப்பி, அடித்து, ஒட்டக் கூட்டியிருந்தது. ரசமட்டம் சீழ்க்கையடித்துக்கொண்டு கை கழுவிக்கொண்டிருந்தார். அவர் சீழ்க்கையடித்தால் எங்கேயோ குமிழி நடுவில் வந்து நின்றிருக்கிறது என்று அர்த்தம். என்ன செய்தீர்கள் என்று கேட்டாள்.

“உன் தம்பி ஆஸ்பத்திரி அவசரத்துல கொஞ்சம் கோணலா விட்டுட்டான். சரி பண்ணிட்டேன். அவன்கிட்ட சொல்லாத, மனசு கஷ்டப்படும்.”

அவளுக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. எப்போதும் எலியும் பூனையுமாக இருக்கிறவர், மாப்பிள்ளையின் மானம் போகக்கூடாது என்று ரகசியமாகச் செய்திருக்கிறாரே. என்ன கோணல், எதைச் சரி செய்தார் என்று கேட்கத் தோன்றவே இல்லை. வாயைத் திறக்கமாட்டேன் என்று சொன்னாள், அன்று அவருக்குப் பிடித்த மாதிரியே காபியும் போட்டுக்கொடுத்தாள்.

மறுநாள் தம்பி வந்தான். மண் நிரப்பி, சேம்பர் ஓட்டையும் பூசியிருப்பதைப் பார்த்தான். மச்சானுக்கும் கொஞ்சம் பொறுப்பு இருக்கிறது என்று அக்காவிடம் மெச்சிக்கொண்டான். அவள் புருஷனைப் பார்த்தாள், புருஷன் உத்தரத்தைப் பார்த்தார். அன்றே நடைவழிக்கு டைல்ஸ் ஒட்டி, கோப்பையைப் பொருத்தி, தொட்டியை மாட்டிவிட்டான். கதவு ஒரு விரலால் தள்ளினால் ஓடியது. பிடிகட்டையை ரசமட்டம் உப்புத்தாள் போட்டுக் குழந்தைக் கன்னம் மாதிரி தேய்த்திருந்தார். அவள் கட்டிலில் உட்கார்ந்து, எழுந்து, கட்டையைப் பிடித்துக்கொண்டு முட்டி வலிக்கிறவள் மாதிரியே நடந்து பார்த்தாள். கூடத்தில் இருக்கிற ஒருவருக்கும் தெரியாமல் போய்விட்டு வரலாம். அப்பா இனிமேல் இங்கேதான் என்று மனசுக்குள் எழுதிப் போட்டுவிட்டாள்.

சனிக்கிழமை காலையில் தம்பி தண்ணீர் திறந்துவிட்டு, காகிதத்தைக் கசக்கிப் போட்டுத் தொட்டிச் சங்கிலியை இழுத்தான். அவள் பின்கட்டில் சேம்பர் மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு குனிந்து நின்றாள். தண்ணீர் வந்தது, ஆனால் கல்யாண வீட்டுக்குப் பிடிக்காமல் வருகிற உறவினர் மாதிரி வந்தது. காகிதம் வரவே இல்லை. இன்னொரு தடவை, மறுபடியும் ஒரு தடவை. கடைசியில் கோப்பையில் தண்ணீர் விளிம்புவரை ஏறி அப்படியே நின்றது. ஊரெல்லாம் போய்ச்சேரவேண்டியதைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற தபால்காரம்மா, தன் வீட்டில் ஒரு காகிதத்துக்காகக் காத்துக்கொண்டு நின்றாள்.

தம்பி கோப்பையைக் கழற்றினான், தொட்டியைப் பார்த்தான், கம்பி விட்டுக் குத்தினான். எங்கேயும் அடைப்பு இல்லை. தரையில் உட்கார்ந்துவிட்டான். ஊர் முழுக்கப் போட்டேன், ஒருத்தர் குறை சொன்னதில்லை, என் அப்பாவுக்குப் போட்டது போகமாட்டேன் என்கிறதே என்று சொல்லும்போது அவன் குரல் உடைந்தது. அவன் அழுவதைச் சின்ன வயதுக்குப்பின் அவள் பார்த்ததில்லை. புருஷனைப் பார்த்தாள். அவர் பிடிகட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தார், துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டு.

“சொல்லிடுங்க” என்றாள்.

ரசமட்டம் தொண்டையைச் செருமினார். “ஒண்ணுமில்ல மாப்ள. நீ போட்ட குழாய் ஒரு பக்கமா சரிஞ்சு கெடந்துச்சு. அண்டையை எடுத்துட்டு ஆப்பு அடிச்சு நேர் பண்ணேன். தேக்கு ஆப்பு. நூல் பிசகாது.”

தம்பி எழுந்து உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு நடைவழிக்குப் போனான். அடிதடி வருமோ என்று அவள் பின்னாலேயே ஓடினாள். அவன் முந்தின நாள் ஒட்டிய டைல்ஸை அவனே பெயர்த்தான், மண்ணைத் தள்ளினான், குழாய் தெரிந்ததும் கையை நீட்டி மச்சானிடமிருந்து ரசமட்டத்தை வாங்கிக் குழாயின் முதுகில் வைத்தான். குமிழி நட்டநடுவில் நின்றது. இப்படியும் அப்படியும் நகர்த்தி வைத்துப் பார்த்தான். எங்கே வைத்தாலும் நடுவில்தான்.

“மச்சான், இந்த உலகத்திலயே இவ்வளவு துல்லியமா கக்கூஸ் குழாய் போட்ட ஒரே ஆள் நீங்கதான்” என்று சொல்லிக் கருவியைத் திருப்பிக் கொடுத்தான். சொல்லும்போதே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கு பிடித்த ரசமட்டம் மட்டும் சிரிக்கவில்லை. பள்ளத்தைக் கண்டால்தானே தண்ணீர் பாயும் என்கிற சின்ன விஷயம் அப்போதுதான் அவர் மண்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. இறங்கியதும் முகம் சிவந்துவிட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பள்ளத்துக்குள் குதித்தார். தன் கையால் செதுக்கிய ஆப்புகளை ஒவ்வொன்றாக உருவியெடுத்தார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

ஞாயிற்றுக்கிழமை வரவேண்டிய அப்பா. ஆஸ்பத்திரியில் கட்டில் தட்டுப்பாடாம், ஒருநாள் முன்னதாகவே அனுப்பிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் கொடுத்த நாலுகால் நடைவண்டியைத் தரையில் தட்டித் தட்டி உள்ளே வந்தார். நடைவழி பிளந்து கிடந்தது, மகன் வயிற்றின்மேல் படுத்துக்கொண்டு சேம்பருக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தான், மருமகன் முழங்காலளவு பள்ளத்தில் குழாயைக் குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு நின்றார். அப்பா எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தார். கடைசியில் மகளைப் பார்த்தார்.

“மாத்தியாச்சுன்னு சொன்னியேம்மா.”

அவள் நாற்காலி போட்டு உட்காரவைத்தாள். ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் வாங்கிப் பக்கத்து ஸ்டூலில் வைத்தார். அப்புறமா குடிக்கிறேன் என்றார். அவர் வாசல் பக்கம் திரும்பி, ஆட்டோவை நிற்கச் சொல்லும்மா, இல்லத்தில் எல்லாம் தயாராக இருக்கிறது, நீங்கள் எதற்கு இவ்வளவு கஷ்டப்படவேண்டும் என்றார். கோபமே இல்லை. அதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

“பொய்தான்பா சொன்னேன்” என்றாள். “இந்த வீட்ல நீங்க ஒரு வாய் தண்ணி குடிச்சு நான் பாத்ததில்ல. ஏன்னு எனக்குத் தெரியும். நீங்க இங்க இருக்கணும்பா. அதுக்குத்தான் சொன்னேன்.”

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். தன் ரகசியம் மகளுக்குத் தெரிந்துவிட்ட வெட்கம் காதுவரை ஏறியது. பள்ளத்தில் ஒருவரும் சேம்பரடியில் ஒருவருமாக இருந்த இருவரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ரசமட்டம்தான் முதலில் வாயைத் திறந்தார். தப்பு தன்னுடையது, மாப்பிள்ளை ஒழுங்காகத்தான் போட்டிருந்தான் என்று ஆதியோடந்தமாகச் சொன்னார். ஆப்பு தேக்கு என்பதையும் விடவில்லை. அப்பாவின் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாரோ என்று மகள் பதறி நெருங்கினால், சிரிக்கிறார்.

“நல்லவேள மாப்பிள்ள, நீங்க ரோடு போடப் போகல” என்றார். “மழைத் தண்ணியெல்லாம் என் பஸ்ஸுக்குள்ளதான் வந்திருக்கும்.”

ஆட்டோ வாசலிலேயே நின்றது. தம்பி செங்கல் துண்டுகளைப் பழையபடி அண்டை கொடுத்தான். ரசமட்டம் அவன் சொன்னதை மட்டும் செய்தார். தூக்கு என்றால் தூக்கினார், விடு என்றால் விட்டார். ஒரு கட்டத்தில் அவர் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. தம்பி முறைத்தான். கருவியை எடுத்து மாமனார் மடியில் ஒப்படைத்துவிட்டார். கோப்பையைத் திரும்பப் பொருத்தினார்கள். தம்பி காகிதத்தைக் கசக்கிப் போட்டான். அவள் சேம்பரடியில் போய் மண்டியிட்டாள்.

தொட்டித் தண்ணீர் கவிழ்ந்த சத்தம் கேட்டது. குழாய்க்குள் தடதடவென்று ஏதோ ஓடி வந்தது. கசங்கிய காகிதம் தண்ணீரோடு பாய்ந்து வந்து அவள் கண்ணெதிரே விழுந்து, சுழன்று, அந்தப் பக்கம் போயே போய்விட்டது.

“வந்துடுச்சு” என்று அவள் போட்ட கூச்சலில் மாடிவீட்டம்மா சன்னலைத் திறந்து யார் வந்தது என்று கேட்டாள்.

பள்ளத்தை மூட நேரமில்லை. அப்பா நாற்காலியில் ஒரு மாதிரி நெளிந்தார். ஆத்திரத்தை அடக்கினாலும் மற்றதை அடக்க முடியாது என்று சும்மாவா சொன்னார்கள். நல்ல ஆஸ்பத்திரி, காலையிலிருந்து மனுஷனுக்கு மருந்தும் தண்ணீருமாகக் கொடுத்து அனுப்பியிருக்கிறது. ரசமட்டம் கொட்டகைக்கு ஓடினார். தன் பொக்கிஷப் பலகைகளில் இருப்பதிலேயே நல்லதாக ஒன்றைத் தூக்கிவந்து, பள்ளத்தின்மேல் பாலமாகப் போட்டார். போட்டுவிட்டு மாமனாரிடம் கையை நீட்டினார். அவர் மடியிலிருந்த கருவியை எடுத்துக் கொடுத்தார். இந்தத் தடவை தம்பி தடுக்கவில்லை. குமிழி நடுவில் நின்றது. நடைவண்டியின் நாலு காலும் அதன்மேல் அசையாமல் நின்றன. அப்பா கடந்து போனார், அறைக்குள் நுழைந்தார், ஒரு விரலால் கதவைத் தள்ளி மூடிக்கொண்டார்.

மூன்று பேரும் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சட்டென்று அவளுக்கு அப்பாவின் கூச்சம் நினைவுக்கு வந்தது. இரண்டு பேரையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். அங்கே சேம்பர் திறந்து கிடந்தது. முதல் காரியமாக அதை மூடி, மூடியின்மேல் உட்கார்ந்துகொண்டாள். ஆண்கள் இருவரும் மதிலைப் பார்த்தபடி நின்று, இன்று வெயில் பரவாயில்லை என்று பேசிக்கொண்டார்கள். காலடியில் தண்ணீர் தடதடவென்று போனது. யாருக்கும் கேட்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளிருந்து குரல் வந்தது, அவளைத்தான் கூப்பிட்டார். ஓடினாள். அப்பா கட்டில் ஓரத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார், ஒரு கை இன்னும் சுவரிலிருந்த பிடிகட்டையைத் தடவிக்கொண்டிருந்தது.

“அந்த ஆட்டோக்காரரை ஏம்மா நிக்க வெச்சிருக்க? போகச் சொல்லு.”

அவள் தலையாட்டினாள்.

“அப்புறம், அந்தத் தண்ணிய எடு.”

வெளியே ஸ்டூலில் இருந்த டம்ளரை எடுத்துவந்து கொடுத்தாள். அவர் இரண்டு கையாலும் வாங்கி, அண்ணாந்து, மூச்சு விடாமல் குடித்தார். தொண்டை ஏறி ஏறி இறங்கியது. கடைசிச் சொட்டுவரைக்கும் குடித்துவிட்டு, காலி டம்ளரை மகளிடம் நீட்டினார்.

“இன்னும் கொஞ்சம் கொண்டா” என்றார்.

அவள் டம்ளரை வாங்கவில்லை. உள்ளே போய்ச் சொம்பையே எடுத்து வந்தாள்.